‘குடிமகன்’ யார்? காலனியக் கால அன்றாட வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியக் குடிமக்கள் எவ்வித உரிமையும் இன்றி வாழ்ந்தனர்.” சமூகவியல் விடைத்தாள்களைத் திருத்தி வரும் எனக்கு இந்த வாக்கியம் ஏறக்குறைய மனப்பாடம். முன்னுரையில் ஒருமுறையும் முடிவுரையில் ஒருமுறையும் தவறாமல் வந்துவிடும். இதைச் சிவப்பு மையால் சுழித்தால், ஆங்கிலேயருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று மாணவர்கள் வருத்தப்படுகிறார்கள். நான் சுழிப்பது அடிமைப்பட்டிருந்தோம் என்ற செய்தியை அல்ல. ‘இந்திய’ என்பது ஒரு பிழை, ‘குடிமக்கள்’ என்பது இன்னொரு பிழை, ‘எவ்வித உரிமையும் இன்றி’ என்பது மூன்றாவது பிழை. யார், எந்த இடத்தில், யாரால், எந்தச் சட்டத்தையோ வழக்கத்தையோ காட்டித் தடுக்கப்பட்டார் என்ற கேள்வியைக் கேட்காமலேயே அந்த வாக்கியம் கடந்துவிடுகிறது. சமூகவியல் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். பெரும்பாலும் சென்னை மாகாணத்துச் செய்திகளைக் கொண்டே, இத்துறையில் எழுதப் புகுவோர் வழக்கமாகச் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

சொல்லிலேயே தொடங்கும் பிழை

குடிமகன் என்பது இன்று அரசமைப்புச் சட்டத்தின் சொல். (டாஸ்மாக் வாசலில் அதற்கு வேறு பொருள் உண்டு, அது இங்கே வேண்டாம்.) நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்க் கிராமத்தில் அச்சொல் நாவிதரையும் துணி வெளுப்பவரையும் குறித்தது. ஊருக்குக் குடிமை, அதாவது வழிவழியான ஊழியம், செய்பவர் குடிமகன். யாழ்ப்பாணத்தில் ‘அடிமை குடிமை’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். 1707-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தொகுத்த யாழ்ப்பாண வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனியாகவே விதிகள் உண்டு. ஆக, ஒரு பழைய ஆவணத்தில் ‘குடிமக்கள் வர மறுத்தார்கள்’ என்று கண்டால், மக்கள் அரசை எதிர்த்து ஒத்துழையாமை செய்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. இழவு வீட்டுக்கு வர வேண்டிய நாவிதரும் வண்ணாரும் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கலாம். சமூகவியலாளருக்கு அது சின்னச் செய்தியன்று. பெரும்பாலும் அது ஒரு சாதிப் பூசலின் முதல் அடையாளம்.

இதைவிட வேடிக்கையானது ‘சுதந்திரம்’. களத்தில் நெல் தூற்றி முடிந்ததும், மிராசுதார் (ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை உள்ளவர்) தம் பங்கை வீட்டுக்கு ஏற்றுவதற்கு முன்பாகத் தச்சருக்கு, கொல்லருக்கு, நாவிதருக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு என்று அளந்து போடும் பங்குக்கும் சுதந்திரம் என்றே பெயர். ‘எனக்குரிய சுதந்திரத்தைத் தரவில்லை’ என்று மனுவில் ஒருவர் எழுதியிருந்தால் அவர் கேட்டது சில மரக்கால் நெல். கட்டுரை எழுதும் அவசரத்தில் அதை விடுதலை வேட்கையாக மொழிபெயர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பழைய பொருளைத் தள்ளிவிடவும் கூடாது. தனக்குரியதைக் கேட்டு வாங்கும் தகுதி ஒருவருக்கு உண்டு என்ற எண்ணம், வாக்குச்சீட்டு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அந்தக் களத்து மேட்டில் இருந்தது. அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவாக, பிறப்பை வைத்து அளக்கப்பட்டதுதான் அதன் கோளாறு.

சட்டத்தின் பார்வையில் அன்றைய மக்கள் பிரஜைகள், அதாவது மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள். 1858 நவம்பர் 1-இல் வெளியான விக்டோரியா அரசியின் பிரகடனம், தம் மற்றப் பிரஜைகளிடத்தில் தமக்குள்ள கடமைகளே இந்தியப் பிரஜைகளிடத்திலும் தமக்கு உண்டு என்று சொன்னது. அது நிறைவேறவில்லை என்பது வேறு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் முதல் சென்னை வரை ‘நாங்களும் பேரரசின் பிரஜைகள்தானே’ என்று வாதாடினார்கள். குடியுரிமை என்ற சட்டநிலை நமக்கு வந்தது 1949 நவம்பர் 26 அன்று. அரசமைப்புச் சட்டத்தின் பெரும்பகுதி குடியரசு நாளுக்காகக் காத்திருந்தபோது, குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையிலான கூறுகள் அது ஏற்கப்பட்ட அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி எழுதும்போது பிரஜை, ரயத்து (அரசுக்கு நிலவரி கட்டும் உழவர்), குடியானவர், வரி செலுத்துவோர், வாக்காளர் என்று அந்தந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் உரிய சொல்லைப் போடுவதே நல்லது. சொல் மாறினால் கேள்வியும் மாறும்.

‘இந்திய’ என்ற அடைமொழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு மாட்டு வண்டியில் போனவர் பிரிட்டிஷ் இந்தியாவை விட்டு ஒரு சமஸ்தானத்துக்குள் நுழைந்தார். அங்குள்ளவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் அல்லர்; பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள் என்று தனி வகை. நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் காரைக்கால், அது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இன்னும் சற்று வடக்கே தரங்கம்பாடி, 1845 வரை டென்மார்க் நாட்டார் கையில். ஒரே மொழி பேசி, ஒரே கோயில் திருவிழாவுக்குப் போய், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்த மக்கள், வெவ்வேறு அரசுகளின் வெவ்வேறு வகைப் பிரஜைகளாக இருந்தார்கள்.

புதுச்சேரியை மறந்துவிட்டு எழுதுவது மிகப் பரவலான குறை. 1870-களிலேயே அங்கே ஆண்களுக்குச் சொத்துத் தகுதியின்றி வாக்குரிமை வந்துவிட்டது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரும் போனார். ஆனால் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் தனித்தனி வாக்காளர் பட்டியல்கள். 1881-ஆம் ஆண்டு ஆணை ஒன்று, தம் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது. அப்படித் துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள். அவர்கள் தமக்கென்று ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒரு சோடிக் காலணியைப் பற்றியது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். காலணியோடு உள்ளே போகலாமா என்பதுதான் அன்று குடியுரிமையின் கேள்வி.

அதே காலணியைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். நீதிமன்றத்தில் ஐரோப்பியர் முன் காலணி அணியும் உரிமைக்காகப் படித்த மேல்சாதியார் போராடிய அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார்கள். முதல் தடையை மட்டும் எழுதினால் தேசிய வரலாறு கிடைக்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால்தான் சமூகவியல் கிடைக்கும்.

அரசாங்கம் என்றால் யார்?

அடுத்த தவறு, அரசாங்கத்தை வெள்ளைத் தோலோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர், அவருக்கு உதவியாக ஓரிருவர். லட்சக்கணக்கான ரயத்துகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு வெள்ளையரோடும் பேசியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சர்க்கார் என்றால் ஊர்க்கணக்கை எழுதும் கணக்குப்பிள்ளை, ஊர்த்தலைவரான மணியக்காரர், தலையாரி, தாலுகா கச்சேரிச் (அலுவலகச்) சேவகர்.

ஜமாபந்தியை எடுத்துக்கொள்ளலாம். உழவரிடமே அரசு வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் ஆண்டுக்கொருமுறை ஊர்க்கணக்கைத் தணிக்கை செய்து தீர்வையை, அதாவது நிலவரியை, முடிவு செய்யும் நாள் அது. பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கோடு இன்றும் நடந்துவருவதால் நாம் அதன் வாசனையை அறிவோம். துணியில் கட்டிய அடங்கல் (பயிர்க் கணக்கு), சிட்டா (நில உடைமைக் கணக்கு) கட்டுகளோடு கணக்குப்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ரயத்து தள்ளி நிற்பார். அவர் நிலத்தில் இவ்வாண்டு விளைந்ததா, சாவியாய்ப் பொய்த்ததா, ஏரியில் தண்ணீர் வந்ததா, தீர்வையில் வஜா (தள்ளுபடி) உண்டா என்பதையெல்லாம் அவர் சார்பில் சொல்வது ஏட்டைக் கையில் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை. நன்செய்யைப் புன்செய்யாகவும் புன்செய்யை நன்செய்யாகவும் ஒரு கோட்டில் மாற்றக்கூடியவர் அவர். ரயத்துவாரி என்றால் அரசுக்கும் உழவருக்கும் இடையே யாரும் இல்லாத நேரடி உறவு என்று பாடநூல் சொல்வதை அப்படியே எழுதிவிடுகிறோம். ஜமீன்தார் இல்லை என்பது சரி. நடுவில் யாரும் இல்லை என்பது சரியன்று.

இதன் கொடிய பக்கம் 1855-இல் அச்சில் வந்தது. தீர்வை பாக்கிக்காக ரயத்துகள் வதைக்கப்படுகிறார்கள் என்று சென்னைச் சுதேசிச் சங்கம் முறையிட்டதும், அது இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை பேசப்பட்டதும், விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டதற்குக் காரணங்கள். குழுவின் அறிக்கையில் கிட்டியும் அண்ணாந்தாளும் பெயரோடு வருகின்றன. கிட்டி என்பது விரல்களையோ கால்களையோ இரு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்பது உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி, வெயிலில் மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது. செய்தவர்கள் பெரும்பாலும் தாலுகாவின் சுதேசி ஊழியர்களும் சேவகர்களும். மக்கள் தம் நாட்டு ஊழியரிடமிருந்து காக்கும்படிதான் கேட்கிறார்கள், ஐரோப்பியரிடமிருந்து அல்ல என்று குழு ஆறுதல் சொல்லிக்கொண்டது.

இந்த அறிக்கையை வாசிப்பதில் இரண்டு வகைச் சறுக்கல் உண்டு. குழு சொன்னதை அப்படியே நம்பி, கொடுமையெல்லாம் நம்மவர் செய்தது, துரைமார்கள் நல்லவர்கள் என்று எழுதுவது ஒன்று. விளைந்தாலும் விளையாவிட்டாலும் தவணைக்குள் இவ்வளவு கிஸ்தி (வரித்தவணை) வந்தாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியது யார் என்ற கேள்வியை அது விழுங்கிவிடும். வெள்ளையர் சுரண்டினர் என்று ஒரே வரியில் முடித்து, கிட்டியைப் பிடித்த கையையும் அந்தக் கைக்கும் கட்டப்பட்டவருக்கும் இடையிலிருந்த சாதி உறவையும் மறைப்பது மற்றொன்று. மேலிருந்து வந்த நெருக்குதலும் கீழே இருந்த ஏற்றத்தாழ்வும் ஒன்றையொன்று பயன்படுத்திக்கொண்டன. இதைச் சொல்லக் கொஞ்சம் நீளமான வாக்கியம் தேவைப்படும். எழுதுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

சட்டம் வந்த நாளும் ஊர் மாறிய நாளும்

காலவரிசையை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுபவர்களுக்கு நேரும் தவறு இது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை விலக்கியது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ‘இத்துடன் அடிமை முறை ஒழிந்தது’ என்று அடுத்த வரி வந்துவிடுகிறது. தஞ்சைப் பகுதிப் பண்ணையாள் அடுத்த நாள் காலையிலும் அதே பண்ணையில்தான் ஏர் பூட்டினார். விலைச்சீட்டுக்குப் பதிலாக முன்பணம் வந்தது. திருமணத்துக்கு வாங்கிய கடன் மகன் தலையில் ஏறியது. குடியிருந்த மனை மிராசுதாருடையதாக இருந்தது. 1859-இல் வந்த வேலை ஒப்பந்த மீறல் சட்டமோ, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனவரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 1920-களின் நடுப்பகுதி வரை அது நடைமுறையில் இருந்தது. ஒரு கையால் அவிழ்த்த கட்டை மறு கையால் போட்டதுபோல.

‘உரிமையே இல்லை’ என்ற கூற்று முற்றிலும் உடைந்துபோகும் இடமும் இதுதான். உரிமைகள் இருந்தன, சிலருக்கு ஏராளமாக இருந்தன, அரசும் அவற்றை மதித்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து (நிலம் கேட்டு விண்ணப்பம்) போட்டால், அந்த ஊர் மிராசுதாருக்கே முன்னுரிமை. அவர் உழாத நிலமாக இருந்தாலும், உழைத்துப் பழகிய பறையர் ஒருவர் கேட்டவுடன் அது தனக்கு வேண்டும் என்று சொல்லி மிராசுதார் தடுத்துவிடலாம். 1891-இல் அம்மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், நிலத்திலும் குடிமனையிலும் பறையர் மக்கள் எப்படி மறிக்கப்படுகிறார்கள் என்று அரசுக்கு விரிவான அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்த ஆணையின்படி ஒதுக்கப்பட்டவைதாம் பிற்காலத்தில் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டவை. பிறர் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலங்கள் பிறர் கைக்குப் போனது ஏன் என்று இன்று வரை வழக்கு நடக்கிறது. மிராசுதாரின் உரிமை முழுமையாக இருந்ததே, சேரியில் இருந்தவருக்கு உரிமை இல்லாமற் போனதற்குக் காரணம். இருப்பவர், இல்லாதவர் என்று இரண்டு பட்டியல் போட்டால் இந்த உறவு கண்ணில் படாது.

பொதுச்சாலை என்ற சொல்லையும் ஐயத்தோடுதான் வாசிக்க வேண்டும். எல்லோரிடமும் வாங்கிய வரியில் போட்ட சாலை, வெட்டிய கிணறு, கட்டிய சாவடி ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்று தனியாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அதைக் கொண்டுவந்து நிறைவேற்றினார், அரசாணையும் வந்தது. ஆணை வந்த மறுவாரம் ஊர்க்கிணற்றில் குடத்தை இறக்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அரசிதழில் தேடிப் பயனில்லை. அதற்கு நீதிமன்றப் பதிவுகளும் அக்கால இதழ்களும் வேண்டும்.

ரயிலைப் பற்றியும் ஒரு வரி. 1856-இல் ராயபுரத்திலிருந்து வண்டி ஓடத் தொடங்கியதும் சாதி கலைந்தது என்று எழுதுபவர்கள் மூன்றாம் வகுப்புப் பெட்டியை மட்டும் பார்க்கிறார்கள். வண்டியிலிருந்து இறங்கினால் பிளாட்பாரத்தில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனிச் சாப்பாட்டு அறைகள். பெரியாரின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது.

1920: இரண்டு பதிவேடுகள்

வாக்குரிமையையே குடியுரிமையாக எடுத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். 1919-ஆம் ஆண்டுச் சட்டம், 1920 தேர்தல், நீதிக்கட்சி அமைச்சரவை, 1937, பிறகு விடுதலை என்று படிக்கட்டு போட்டுக்கொண்டு போவார்கள். அந்தப் படிக்கட்டில் ஏறியவர்கள் எத்தனை பேர்? 1920 நவம்பரில் நடந்த தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12½ லட்சம் பேர். மக்கள்தொகையோ 4 கோடிக்கு மேல். தீர்வை செலுத்தும் பட்டா, நகராட்சி வரி, வருமான வரி என்று ஏதாவதொன்றைக் காட்டியவர்கள் மட்டும் அந்தப் பட்டியலில் ஏறினார்கள். ஊரில் யாருக்கு வாக்கு உண்டு என்று அறிய, வாக்காளர் பட்டியலைத் தேட வேண்டியதே இல்லை. சிட்டாவைப் பார்த்தால் போதும். 1921-இல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால், தம் பெயரில் பட்டா வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர் என்று அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். முதல் பெண் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் நின்று வரவில்லை. அரசு நியமித்து வந்தவர்.

அதே 1920-இல் இன்னொரு பதிவேடும் திறந்திருந்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கு வந்தது. மதுரைப் பக்கத்தில் அதற்கு மக்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். பிரமலைக் கள்ளர் ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராகிப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு என்னும் பயண அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மனைவிக்குப் பிரசவ வலி என்றாலும், மாடு வாங்கச் சந்தைக்குப் போவதென்றாலும் சீட்டு. குற்றம் செய்ததற்காக அல்ல, அந்தச் சாதியில் பிறந்ததற்காக. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்கு அருகேயுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துக் கூடிய மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஏழு மாதம் கழித்து மாகாணத்தின் முதல் பெரிய தேர்தல். ஒரு பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். இன்னொன்றில் ஏறக்கூடாது என்று உயிரைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே அரசின் மேசைமேல் இருந்தன.

இங்கிலாந்துச் சமூகவியலாளர் டி. எச். மார்ஷல், 1949-இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய உரைகளில், முதலில் உடலும் உடைமையும் சார்ந்த உரிமைகள், பிறகு அரசியல் உரிமை, அதன்பின் சமூக உரிமை என்று மூன்று நூற்றாண்டுகளாகப் பகுத்துக் காட்டினார். அது இங்கிலாந்தின் கதை. நம் மாணவர்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மதுரை மாவட்டத்தில் நட்டுவிடுகிறார்கள். இங்கே இரவில் தன் வீட்டில் படுக்கும் உரிமை இல்லாத ஒருவருடைய பக்கத்து ஊரிலேயே சட்டமன்ற வாக்காளர் இருந்தார். காவலருக்கு ரேகை வைத்துக்கொண்டிருந்த சாதியின் பிள்ளைகளுக்கு, ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில், அரசே கள்ளர் பள்ளிக்கூடங்களைத் திறந்தது. வரிசை குலைந்திருந்தது என்பதுகூடச் சரியில்லை. இங்கிலாந்தின் வரிசை இங்கே என்றுமே இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் ரத்தானது 1947-இல்.

வாக்குரிமை வந்தால் எல்லாம் நிலைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் கடலைத் தாண்டி இலங்கையின் மலையகத்தையும் பார்க்க வேண்டும். டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931-இலேயே அங்கே சொத்தும் படிப்பும் கேட்காத வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளரான இந்தியத் தமிழருக்கு மட்டும் நிலையான குடியிருப்பைக் காட்டும் நிபந்தனைகள் போட்டார்கள். அப்படியும் அவர்கள் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். காலனி ஆட்சி முடிந்து சுதந்திர நாடு பிறந்த 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்கும் போனது. லட்சக்கணக்கானோர் எந்த நாட்டையும் சேராதவர்களானார்கள். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்பாடு செய்து 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக, மூட்டை கணக்குப் பார்ப்பதுபோல், பிரித்துக்கொண்டார்கள். மீதி 1,50,000 பேரை அப்போது யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காலனியக் காலத்தில் உரிமை இல்லை, பிறகு வந்தது என்ற நேர்க்கோடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்றுவிடுகிறது.

கணக்கெடுப்பும் மனுவும்

குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) அறிக்கைகளைப் புகைப்படம் என்று எண்ணிப் பயன்படுத்துவது இன்னொரு தவறு. 1871 முதல் பத்தாண்டுக்கொருமுறை வந்த கணக்கெடுப்பில், கிராமத்தில் வீடு வீடாக எழுதியவர் பெரும்பாலும் அதே கணக்குப்பிள்ளை. அவர் கேட்ட கேள்விக்கு ஒருவர் குலத்தைச் சொல்வார், ஒருவர் பட்டத்தைச் சொல்வார், ஒருவர் தொழிலைச் சொல்வார். அட்டவணைக்கு ஒரு பெயர்தான் வேண்டும். 1901-இல் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முயன்றதும், சாதிச் சங்கங்கள் மேலே ஏற்றும்படி மனுக்களைக் குவித்தன. சாணார் என்று எழுதப்பட்டுவந்தவர்கள் நெடுநாள் முயன்று 1921 கணக்கெடுப்பில் நாடார் என்ற பெயரைப் பெற்றார்கள். திராவிட மகாஜன சபையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், அந்த அட்டவணையில் ஏறுவதற்குப் பதிலாக அதைவிட்டு வெளியேறும் வழியைத் தேடினார். தம் மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னார். சாதியை ஆங்கிலேயரே உண்டாக்கினார்கள் என்று இப்போது சிலர் எழுதுவது இதன் மறுபக்கத் தவறு. செருப்பைக் கழற்றச் சொன்னவர் கணக்கெடுப்பு அறிக்கையைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

மனுக்களை வாசிப்பதில் தேவைப்படுவது வேறொரு காது. ‘மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரையவர்கள் சமுகத்துக்கு’ என்று தொடங்கி, ஏழை, அநாதை, திக்கற்றவன், தங்கள் பாதமே கதி என்று நீளும் நடையைக் கண்டு, மக்கள் அடிமைப் புத்தியில் ஊறிக் கிடந்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது மனு எழுதுபவரின் நடை. கச்சேரி மரத்தடியில் உட்கார்ந்து, காசு வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்தவருடையது. மனுதாரரின் குரல் இரண்டாவது பத்தியில், ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பிறகுதான் தொடங்கும். இன்ன பசலியில், இன்ன சர்வே எண்ணில், இன்னார் வரப்பை வெட்டினார், மணியக்காரர் அவருடைய மைத்துனர் என்பதால் பிராதை (புகாரை) வாங்கவில்லை என்று நறுக்கென்று இருக்கும். பணிவு முகவரிக்கு, வழக்கு உள்ளே. முதல் பத்தியை மட்டும் மேற்கோள் காட்டிய ஓர் ஆய்வேட்டை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக, முதியவர்களிடம் பேட்டி எடுக்கும் முறை. அந்தக் காலத்தை நேரில் அறிந்தவர்கள் இப்போது மிகச் சிலரே. பெரும்பாலும் தந்தையிடமும் பாட்டியிடமும் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். ‘வெள்ளைக்காரன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது’ என்று ஒருவர் சொன்னால், அவருடைய தாத்தா அந்த ஊரில் யாராக இருந்தார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மணியக்காரராக இருந்திருந்தால் அது உண்மையாகவே இருக்கும். ‘அன்று உங்களுக்கு உரிமை இருந்ததா?’ என்று கேட்காதீர்கள். இல்லை என்றோ இருந்தது என்றோ ஒரு சொல்லில் விடை வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், சாவடித் திண்ணையில் யார் உட்காருவார்கள், தபால்காரர் உங்கள் தெருவுக்குள் வருவாரா, இல்லை தெருமுனையில் நின்று கூப்பிடுவாரா, பட்டா யார் பெயரில் இருந்தது, எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினீர்கள், கழற்றாமல் முதலில் நடந்தவர் யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெயரே விடையாக வரும்.